அத்திவரதரும் பத்தொன்பது வயதும்

"இந்தப் பிள்ளைகளை நம்பி இனிப் பயனில்லை." இந்த வாக்கியத்தை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. சென்னையின் எஃப்.சி. தோற்ற மறுநாள் காலை காந்தி சாலைத் தேநீர்க் கடையில் கேட்டிருக்கிறோம். நேரு விளையாட்டரங்கின் படிகளில், ஆட்டம் முடிய இன்னும் கால்மணி நேரம் இருக்கையில், பின்வரிசையிலிருந்து கேட்டிருக்கிறோம். ஒளிப்பானேன், நாமே சொல்லியும் இருக்கிறோம். இக்கட்டுரை அந்த வாக்கியத்துக்கு எதிரானது. அதற்கு மறுமொழியாக வழக்கமாக நீட்டப்படும் "அணி மறுகட்டமைப்பில் இருக்கிறது, பொறுமை வேண்டும்" என்ற வாக்கியத்துக்கும் எதிரானது. முதல் வாக்கியம் இளைஞர்களை வெளிப்படையாகக் கைவிடுகிறது. இரண்டாவது அவர்களை மரியாதையோடு கைவிடுகிறது. இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை என்பதே நமது வாதம்.

இலக்கிய நண்பர்கள் சிலர் இதற்குள் முகம் சுளித்திருக்கக்கூடும். மாதம் ஒருமுறை கூடி நாவல்களையும் மொழிபெயர்ப்புகளையும் விவாதிக்கும் ஒரு வட்டத்துக்குக் காலால் உதைக்கும் பந்தில் என்ன வேலை என்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: வளர்ந்துகொண்டிருக்கும் ஒருவனுக்கு ஒரு சமூகம் எவ்வளவு காலம் தருகிறது, எந்த நிபந்தனையின்பேரில் தருகிறது, அவன் தவறும்போது என்ன செய்கிறது என்பவை பண்பாட்டுக் கேள்விகள். முதல் தொகுப்போடு ஓய்ந்துபோன கவிஞர்களின் பட்டியல் நம் எல்லோரிடமும் இருக்கிறது. அவர்கள் ஏன் ஓய்ந்தார்கள் என்று கேட்காமல், "அவ்வளவுதான் சரக்கு" என்று முடித்துக்கொண்டவர்களும் நாம்தான்.

*

முதலில் சில தகவல்கள். விவாதம் தகவலிலிருந்து தொடங்கவேண்டும். மனக்குறையிலிருந்து தொடங்கினால் அது வசையாகவே முடியும்.

இந்தியன் சூப்பர் லீக் 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி.யும் பிறந்தது. 2015 டிசம்பரில், வெள்ளத்தால் சொந்த ஊரில் ஆடமுடியாமல் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைப் புனேயில் ஆடிய அணி, கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்களின் இரு கோல்களால் 3-2 என வென்று கோப்பையை எடுத்தது. 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் மண்ணிலேயே அதே 3-2 கணக்கில் வென்று இரண்டாம் கோப்பை. அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், கடைசி இடம். அதற்கடுத்த பருவத்தில் மீண்டும் இறுதியாட்டம். 2020 மார்ச்சில், தொற்றுக்கு அஞ்சி ஆளில்லா அரங்கில் நடந்த அந்த ஆட்டத்தில் கொல்கத்தா அணியிடம் 1-3 எனத் தோல்வி. அதன்பின் பெரும்பாலும் சரிவு. 2024-25 பருவத்தில் 13 அணிகளில் 11ஆம் இடம்.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பயிற்சியாளர்களின் பெயர்களைக் கொண்டு விளக்குவது எளிது. மட்டெராசி காலம், கிரெகரி காலம், கோயல் காலம் என்று மன்னர்களின் ஆட்சிக்காலங்களைப்போல் பிரித்துக்கொள்ளலாம். நாம் அதே ஆண்டுகளை வேறொரு பட்டியலைக்கொண்டு படிக்க விரும்புகிறோம்.

டேராடூனிலிருந்து வந்த அனிருத் தாபா 2016இல் இந்த அணிக்கு வந்தபோது அவருக்கு வயது 18. இங்கேயே தவறுகள் செய்தார், இங்கேயே தேறினார், அணித்தலைவரானார். 2023இல் மோகன் பகானுக்குப் போனார். மிசோரமின் சாங்தே 2019இல் வந்தார். 2022 தொடக்கத்தில் மும்பைக்குப் போனார். அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த வீரர் என்ற விருதைப் பெற்றார். தீபக் டாங்ரி 2021இல் மோகன் பகானுக்கு. 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை அணியில் இருந்த வங்கத்துப் பையன் ரஹீம் அலி, பல பருவங்கள் இங்கே உழைத்துவிட்டு 2024இல் ஒடிசாவுக்கு. போனவர்களை நாம் குறை சொல்லவில்லை. ஆட்டக்காரனின் உழைக்கும் காலம் குறுகியது. நல்ல இடம் கிடைத்தால் போவது அவன் உரிமை. நம் கேள்வி வேறு. இவர்கள் நால்வரும் ஒரே காலத்தில் முதிர்ச்சியுற்று ஒரே அணியில் ஆடியிருந்தால் அது எப்படிப்பட்ட அணியாக இருந்திருக்கும்? அந்த அணியை ஒருநாள்கூட நாம் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் கனியும் தறுவாயில் நாம் மறுபடியும் நாற்று நட்டுக்கொண்டிருந்தோம்.

மறுகட்டமைப்பு என்ற சொல்லை இந்த இடத்தில்தான் நாம் சந்தேகிக்கிறோம். ஒரு வீட்டை இடித்துக் கட்டுபவன் ஒரு நாள் கட்டி முடிப்பான். ஐந்தாண்டுக்கு மூன்றுமுறை அடித்தளம் தோண்டுபவனை யாரும் கட்டுபவன் என்று சொல்வதில்லை. பணம் குறைந்த ஆண்டில் விலை குறைந்த வீரர்களை எடுப்பதும், அவர்களின் வயதும் குறைவாயிருப்பதால் அதற்கு "இளமையில் நம்பிக்கை" என்று பெயர் சூட்டுவதும் எந்த ஒரு சங்கத்தின் தனிக்குற்றமும் அல்ல. உலகெங்கும் நடப்பதுதான். அந்தப் பெயரை நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொள்வதுதான் நம் குற்றம்.

*

"பொறுமை" என்ற சொல்லுக்கு வருவோம். பொறுமையைப் பற்றிக் காஞ்சிபுரத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் கிடக்கும் அத்திவரதரைக் காண 1979க்குப் பிறகு 2019 வரை காத்திருந்த ஊர் இது. ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை அந்த 48 நாட்களில் ஊர் பட்ட பாட்டையும் கண்ட பரவசத்தையும் நாம் நேரில் அறிவோம். நாற்பதாண்டுக் காத்திருப்பு இங்கே ஒரு தலைமுறைக் கணக்கு: அப்பாவின் தோளில் ஒருமுறை, பேரனைத் தோளில் வைத்து மறுமுறை.

நம் வட்டத்தில் ஒருவர் இதையே உவமையாக்கி, "நாற்பதாண்டு காத்திருக்கும் ஊருக்கு ஓர் இளம் அணிக்காக நான்கு பருவம் காத்திருக்க முடியாதா?" என்று கேட்டார். கேட்டவுடன் கைதட்டினோம். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அத்திமரத்தாலான பெருமாள் நீருக்கடியில் மூப்படைவதில்லை. பத்தொன்பது வயதுப் பையனை அப்படி வைத்துவிட்டுப் பின்னர் எடுத்துக்கொள்ள இயலாது. பத்தொன்பதில் ஆடாத ஆட்டத்தை அவன் இருபத்து மூன்றில் ஆடமுடியாது; அந்த ஆட்டத்தில் கற்றிருக்க வேண்டியதை வேறெங்கும் கற்கவும் முடியாது.

ஆகவே பொறுமை என்பதில் இரண்டு பொருள்களைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. களத்தில் இறக்கிவிடப்பட்டவன் பந்தைத் தவறவிடும்போது நாம் காட்டவேண்டிய பொறுமை ஒன்று. அவனைக் களத்திலேயே இறக்காமல் வைத்திருப்பவர்களிடம் நாம் காட்டிவரும் பொறுமை மற்றொன்று. முதலாவது நற்பண்பு. இரண்டாவது அசட்டை. நாம் செய்துவருவது நேர்தலைகீழ். இறக்கியவனை ஒரு பிழைக்குக் கிழிக்கிறோம்; இறக்காதவர்களுக்குப் பருவம் பருவமாக அவகாசம் தருகிறோம்.

2025ஆம் ஆண்டு இதற்குச் சான்று. தேசியக் கூட்டமைப்புக்கும் லீக்கை நடத்திய வணிக நிறுவனத்துக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடியவிருந்தது, புதுப்பிப்பு முடிவாகவில்லை. ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. உள்ளிட்ட சில சங்கங்கள் தம் செயல்பாடுகளையே நிறுத்தின. கடைசியில் 2026 பிப்ரவரியில், அணிக்குப் பதின்மூன்றே ஆட்டங்கள் என்று சுருங்கிய வடிவில் பருவம் தொடங்கியது. முப்பது வயது வீரனுக்கு இது பொருளிழப்பு. பத்தொன்பது வயதுக்காரனுக்கு இது உடம்பிலிருந்தே வெட்டியெடுக்கப்பட்ட ஓராண்டு. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் ஓர் அணி ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. நம் பையன்களை அவர்களோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்குபவர்கள் முதலில் இந்த எண்களை ஒப்பிடட்டும்.

அந்த மாதங்களில் காஞ்சிபுரத்தின் ரசிகர்களாகிய நாம் என்ன செய்தோம்? எதுவும் செய்யவில்லை. பயிற்சியாளரை மாற்றக் கோரி உரக்கக் கத்தியவர்கள், பயிற்சியே இல்லாமல் போனபோது ஊமையானோம்.

*

இளைஞர்களுக்காக வாதாடுபவர்களின் கையில் ஒரு புகழ்பெற்ற கதை இருக்கிறது. 1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட்டின் இளம் அணி ஆஸ்டன் வில்லாவிடம் 1-3 எனத் தோற்றபோது, பிள்ளைகளை வைத்து எதையும் வெல்லமுடியாது என்று தொலைக்காட்சியில் தீர்ப்புச் சொன்னார் ஆலன் ஹேன்சன். அந்தப் பருவம் முடிகையில் லீக்கும் எஃப்.ஏ. கோப்பையும் அந்தப் பிள்ளைகளிடம் இருந்தன. இக்கதையை நாமும் பலமுறை சொல்லி மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் பாதிக்கதையைத்தான் சொல்கிறோம். அந்த அணியில் ஷ்மைக்கேல் இருந்தார், புரூஸ் இருந்தார், ராய் கீன் இருந்தார். தடைக்காலம் முடிந்து அக்டோபரில் கான்டனா திரும்பினார். பெக்கமும் ஸ்கோல்ஸும் தனியே விடப்படவில்லை. பெரியவர்களுக்கு நடுவே நிறுத்தப்பட்டார்கள்.

ஆக "எல்லாம் இளைஞர்கள்" என்ற முழக்கமும் பொய். இருபது வயதுக்காரர்கள் பதினொருவரைச் சேர்த்து இறக்கி, தோற்றவுடன் "பார்த்தீர்களா" என்பது பரிசோதனை ஆகாது. பலி என்றுதான் சொல்லவேண்டும்.

இங்கே நெசவை உவமையாக எடுக்க ஆசை எழுகிறது. எடுத்தாலே பாராட்டு விழும் ஊர் இது என்பதால் எச்சரிக்கையோடே எடுக்கிறோம். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவர் ஒருவரால் அது ஆகாது. இடக்கரை நாடாவைத் தள்ள மரபாக ஒரு துணைக்கை வேண்டும். அனுபவமுள்ள கையும் கற்கும் கையும் ஒரே இழையில் சேர்வதால்தான் கரை உடலை விட்டுப் பிரியாமல் நிற்கிறது. அழகான உவமை. இளம் அணிக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்தத் துணைக்கை யாருடையது? பல பத்தாண்டுகளாக, இந்த ஊரில், அது ஒரு குழந்தையின் கை. அப்பா வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை விட்டுத் தறியோரம் உட்கார்ந்த பத்து வயதுக் கை. நம் வட்டத்திலேயே இருவர் அப்படி உட்கார்ந்தவர்கள். "சின்ன விரல், வேகமான விரல்" என்று அன்று அவர்களும் புகழப்பட்டார்கள். அந்தப் புகழ்ச்சியின் பொருள், சின்ன விரலுக்குக் கூலியும் சின்னது என்பதே. அவர்களில் எத்தனை பேர் தாமே நெசவாளராக, தன் தறியின் உடைமையாளராக ஆனார்கள் என்ற கேள்வியை, அந்தச் சேலைகளை மெச்சியவர்கள் கேட்டதில்லை.

இளமையை விதந்தோதும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்த விரல்கள் நினைவுக்கு வருகின்றன. ஒப்பந்த வீரனும் தறிக்குழந்தையும் ஒன்றல்ல. அப்படிச் சமன்படுத்துவது அக்குழந்தைகளுக்கு இழைக்கும் அநீதி. எனினும் பேச்சின் இலக்கணம் ஒன்றாகவே இருக்கிறது. இளையவரைப் புகழ், அவரால் கிடைப்பதை எடுத்துக்கொள், அவர் என்ன ஆவார் என்று கேட்காதே. கால்பந்து ரசிகன் இந்த இலக்கணத்துக்கு வெளியே நிற்க விரும்பினால், மூன்றாவது கேள்வியைக் கேட்கும் பழக்கத்திலிருந்து தொடங்கவேண்டும்.

*

இன்னொரு தரப்பும் இருக்கிறது. "தமிழ்ப் பிள்ளைகளை இறக்குங்கள், அணி தானாக வெல்லும்" என்பது அவர்கள் கட்சி. வியாசர்பாடியின் தெருக்களில் வளர்ந்த ஆற்றல் சென்னையின் நீலச் சட்டைக்குள் போதிய அளவு வரவில்லை என்ற அவர்களின் ஆதங்கம் நமக்கும் உண்டு. தனபால் கணேஷ் 2018 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராகக் கோல் அடித்தபோது அரங்கில் எழுந்த ஒலி வேறு எந்தக் கோலுக்கும் எழுந்ததில்லை. பின்னர் காயங்கள் அவர் பருவங்களை ஒவ்வொன்றாகத் தின்றபோது அந்த ஒலி எங்கே போனது என்றும் தெரியவில்லை. கண்டனூரின் சிவசக்தி 2022 டூரண்ட் கோப்பை இறுதியில் கோல் அடித்தது பெங்களூருவுக்காக. நம் சென்னையின் நந்தகுமார் 2023 ஆகஸ்டில் மோகன் பகானை வீழ்த்தி, பல ஆண்டு ஏக்கத்தைத் தீர்த்தது கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்காக. இந்தப் பெயர்களை எழுதும்போது பெருமையும் எரிச்சலும் ஒருசேர எழுகின்றன.

ஆனால் முழக்கத்தால் இது மாறாது. தன் மண்ணின் வீரர்களை மட்டுமே கொண்டு ஆடும் அணிக்கு உலகில் முன்மாதிரி உண்டு: பாஸ்க் நாட்டின் அத்லெடிக் பில்பாவோ. ஸ்பெயினின் முதல்நிலையிலிருந்து ஒருமுறைகூட இறங்காத சங்கம். அவர்கள் கொள்கையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1971இல் லெசாமாவில் பயிற்சிக்களம் திறந்து, சிறுவர் அணியிலிருந்து முதல் அணிவரை ஒரே பாதையைப் போட்டார்கள். நம்மிடம் கொள்கை முழக்கமாக இருக்கிறது; பாதை இல்லை. வளர்ந்துவரும் வீரர்களுக்கென ஒரு தேசிய லீக்கே 2022இல்தான் தொடங்கியது. முதல்நிலை லீக்கில் களமிறங்கும் வெளிநாட்டவரின் எண்ணிக்கை ஆறிலிருந்து 2017இல் ஐந்தாகவும் 2021இல் நான்காகவும் குறைந்து, இந்தியருக்கு ஐந்து இடங்கள் ஏழாயின. கூடிய இரண்டு இடங்களுக்கு ஆட்களை வளர்த்தோமா, அல்லது ஏற்கெனவே வளர்ந்தவர்களை ஊர்விட்டு ஊர் மாற்றிக்கொண்டிருந்தோமா என்பதைக் கேட்டால் நாடு முழுதும் மௌனம்தான்.

தமிழ் அணி வேண்டும் என்பவர்களிடம் இன்னும் இரு கேள்விகள். 2019 மார்ச்சில் கோயம்புத்தூரில் ஐ-லீக் கோப்பையை வென்ற சென்னை சிட்டி, அடுத்த சில ஆண்டுகளில் தேசியப் போட்டிகளிலிருந்தே காணாமல் போனபோது எத்தனை பேர் துக்கம் காத்தீர்கள்? 2018இலும் 2023இலும் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் பட்டம் வென்றார்கள். 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் லீக்கையே வென்றது. கடலூரின் இந்துமதி போன்றவர்கள் கட்டியெழுப்பிய அந்த வெற்றிகளுக்குக் காந்தி சாலையில் ஒரு தேநீராவது பகிரப்பட்டதா? இளம் தமிழ்க் கால்கள் வெல்லவில்லை என்று சொல்லாதீர்கள். வென்ற இடத்தில் நாம் இல்லை.

*

நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்று கேட்கலாம். கோப்பையை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ரசிகன் கோப்பையை எதிர்பார்க்காவிட்டால் அவன் விமரிசகன். விமரிசகர்கள் நம்மிடம் தேவைக்கு மேல் இருக்கிறார்கள். ஆனால் கோப்பைக்கு முன்னால் சில சிறிய எதிர்பார்ப்புகள் உண்டு.

2023இல் கீழ்நிலைச் சங்கம் ஒன்றிலிருந்து இங்கே வந்த கோவாக்காரர் இர்ஃபான் யத்வாட், தொடர்ந்து களமிறக்கப்பட்டு, 2024இல் இந்திய அணியில் ஆடினார். முதல் மாதங்களில் அவர் தவறவிட்ட வாய்ப்புகளுக்காக அரங்கில் முணுமுணுத்தவர்களில் நாமும் அடக்கம். முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல் அவரை இறக்கியவர்கள் சரி, நாம் தவறு. அது விதிவிலக்காக இல்லாமல் விதியாக வேண்டும். இருபத்தொரு வயதுக்குட்பட்ட ஒருவர், வெல்லும் ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்துக்கான அலங்காரமாக அல்லாமல், தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்திலும் முழுநேரம் ஆடவேண்டும். அவருக்கு இருபுறமும் முப்பது வயதுக்காரர்கள் இருவர் நிற்கவேண்டும். காயம்பட்டால் அவர் திரும்பிவரும்வரை ஒப்பந்தம் நீடிக்கவேண்டும். அவர் கனிந்தபின் குறைந்தது இரண்டு பருவங்களாவது இதே சட்டையில் அவரைக் காணவேண்டும். இவை ஏதும் வானத்தை வில்லாக வளைக்கக் கேட்பதல்ல.

நம் பங்குக்கும் சில உண்டு. ஊர் திரும்பும் பேருந்தைப் பிடிக்க எண்பதாம் நிமிடத்தில் எழுந்துவிடும் வழக்கத்தை நாம் விடப்போகிறோம். மாற்றாட்டக்காரர்களாக இளையவர்கள் இறங்குவதே பெரும்பாலும் அதன் பிறகுதான். ஒரு பிழையைக்கொண்டு ஒருவனை எழுதித்தீர்க்கும் வழக்கத்தையும் விடுகிறோம். மூன்று பருவம் படித்தபின்னரே ஓர் எழுத்தாளனைப் பற்றிப் பேசுவது என்று நமக்குள் வைத்திருக்கும் விதியை ஆட்டக்காரனுக்கும் நீட்டுகிறோம். மாவட்ட அளவிலான பள்ளி ஆட்டங்களுக்கு மாதம் ஒருமுறையேனும் போகிறோம். அங்கே பார்வையாளர் வரிசையில் பெரும்பாலும் வீரர்களின் அம்மாக்கள் மட்டுமே அமர்ந்திருக்கிறார்கள்.

அடுத்த அத்திவரதர் தரிசனம் 2059இல். அப்போது நம்மில் சிலர் இருக்கமாட்டோம். இன்று ஊர் மைதானத்தில் செருப்பைக் கழற்றி இலக்குக் கம்பமாக வைத்துக்கொண்டு ஆடும் பையனுக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கும். தன் பேரக் குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் வரிசையில் நிற்கையில், "நானும் ஒரு காலத்தில் நன்றாக ஆடினேன்" என்று சொல்லக்கூடும். அந்த வாக்கியத்துக்குப் பின் அவன் எதைச் சேர்ப்பான் என்பது 2059இல் முடிவாவதல்ல. இந்தப் பருவத்திலும் அடுத்ததிலும் முடிவாகிறது. அதில் நமக்கும் ஒரு கை உண்டு என்று நாம் நம்புகிறோம். இல்லை என்பவர்கள் எழுதட்டும், விவாதிப்போம்.